கிறித்தவ வாழ்வில் உயிர்ப்பு நம்பிக்கை

உயிர்ப்பு நம்பிக்கை என்பது, சிலுவையில் அறையப்பட்டு இறந்த இயேசு கிறித்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதையும், அதன் பயனாக அவரை நம்புவோரும் இறுதியில் உயிர்த்தெழுவர் என்பதையும் ஏற்கும் கிறித்தவக் கோட்பாடு ஆகும். கத்தோலிக்கம், மரபுவழித் திருச்சபை, சீர்திருத்தத் திருச்சபைகள் ஆகிய மூன்று பெரும் பிரிவுகளும் இதனைத் தம் நம்பிக்கையின் மையமாகக் கொண்டுள்ளன. ஞாயிறு வழிபாடு, திருமுழுக்கு, இறந்தோர் அடக்கம், ஆண்டின் திருநாள்கள் ஆகியன இக்கோட்பாட்டிலிருந்தே பொருள் பெறுகின்றன. இந்த நம்பிக்கை மறுமையைப் பற்றியது மட்டுமா, இம்மை வாழ்வின் ஒழுங்கையும் மாற்றவேண்டியதா என்ற வினா கிறித்தவ இறையியலில் தொடர்ந்து விவாதிக்கப்பட்டு வருகிறது. தமிழகத்தில் அவ்வினா சாதியோடும் கல்லறையோடும் சேர்ந்தே எழுந்துள்ளது. கள்ளக்குறிச்சி வட்டாரம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

சொல்லும் வழக்கும்

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இதற்கு வழங்கும் சொல் அனஸ்தாசிஸ் என்பதாகும். "எழுந்து நிற்றல்" என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் சீர்திருத்தத் திருச்சபையினர் பெரும்பாலும் "உயிர்த்தெழுதல்" என்றும், கத்தோலிக்கர் "உயிர்ப்பு" என்றும் வழங்குகின்றனர். அதற்கான திருநாள் ஈஸ்டர், உயிர்ப்புப் பெருவிழா, உயிர்த்த ஞாயிறு, பாஸ்கா எனப் பல பெயர்களால் அழைக்கப்படுகிறது. பாஸ்கா என்னும் சொல், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இசுரயேலர் விடுதலை பெற்றதை நினைவுகூரும் யூதத் திருவிழாவின் பெயரிலிருந்து வந்தது.

தமிழ்க் கிறித்தவர்களிடையே இறப்பைக் குறிக்க "நித்திரையடைதல்" என்னும் சொல் பரவலாக வழங்குகிறது. இறப்பு அறிவிப்புகளிலும் கல்லறைக் கற்களிலும் இதனைக் காணலாம். இறந்தவர் உறங்குகிறார், எழுப்பப்படுவார் என்பதே இவ்வழக்கின் உட்பொருள். கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் "உறங்குமிடம்" எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் திரிபே ஆகும்.

விவிலியத்தில்

இறந்தோர் எழுவர் என்ற எண்ணம் இயேசுவின் காலத்து யூதரிடையே ஏற்கெனவே இருந்தது. பரிசேயர் அதனை ஏற்றனர், சதுசேயர் மறுத்தனர். தானியேல் நூலின் பன்னிரண்டாம் அதிகாரம் இதனைத் தெளிவாகக் குறிப்பிடுகிறது. யூதர் எதிர்பார்த்தது உலக முடிவில் அனைவருக்கும் நிகழும் எழுச்சி ஆகும். வரலாற்றின் நடுவே ஒருவர் மட்டும் முன்னதாக எழுப்பப்பட்டார் என்பதே தொடக்கக் கிறித்தவர் அறிவித்த புதுமை.

இதற்கான மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று, பவுல் கி.பி. 54ஆம் ஆண்டளவில் கொரிந்து நகர மக்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரம் ஆகும். தமக்கு முன்னரே வழங்கிவந்த ஓர் அறிக்கையை அதில் பவுல் எடுத்துரைக்கிறார். கிறித்து எழுப்பப்படவில்லை என்றால் நம்பிக்கை முழுவதும் பயனற்றது என அவர் வாதிடுகிறார். அதே அதிகாரத்தை அவர் முடிக்கும் விதம் குறிப்பிடத்தக்கது. உயிர்ப்பைப் பற்றிய நீண்ட விளக்கத்திற்குப் பின், ஆண்டவருக்காகச் செய்யும் உழைப்பு வீணாகாது என்றும், ஆகவே பணியில் உறுதியாய் இருக்கவேண்டும் என்றும் கூறுகிறார். மறுமையைப் பற்றிய போதனை இவ்வாறு அன்றாட உழைப்பைப் பற்றிய அறிவுரையாக நிறைவடைகிறது.

மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நான்கு நற்செய்திகளும் வாரத்தின் முதல் நாள் காலையில் கல்லறை வெறுமையாய்க் காணப்பட்டதைக் கூறுகின்றன. அதனை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்பதில் நான்கும் ஒத்துப்போகின்றன. மகதலா மரியாவின் பெயர் நான்கிலும் இடம்பெறுகிறது. பெண்களின் சாட்சியம் பெரிதாக மதிக்கப்படாத சமூகத்தில் இவ்வாறு எழுதப்பட்டிருப்பது, பெண்ணிய இறையியலாளர்களால் சிறப்பாக எடுத்துக்காட்டப்படுகிறது. பெண்களின் எண்ணிக்கை, வானதூதர் தோற்றம், காட்சி நிகழ்ந்த இடம் முதலிய விவரங்களில் நற்செய்திகளிடையே வேறுபாடுகள் உள்ளன.

யோவான் நற்செய்தியில், காயங்களைக் கண்டாலன்றி நம்பமாட்டேன் என்ற தோமா, பின்னர் இயேசுவைக் கண்டு நம்பியதாகக் கூறப்படுகிறது. இத்தோமாவே கி.பி. 52இல் இந்தியா வந்து, 72இல் சென்னைப் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது இந்தியக் கிறித்தவரின் மரபு. சென்னை சாந்தோம் பேராலயம் அவரது கல்லறை மேல் எழுப்பப்பட்டது என்பதும் அம்மரபின் பகுதியாகும்.

மறுபிறவியிலிருந்தும் உயிர் மீட்டலிலிருந்தும் வேறுபாடு

உயிர்ப்பு என்னும் கருத்து வேறு மூன்று கருத்துகளிலிருந்து வேறுபடுத்தி அறியப்படவேண்டும்.

மறுபிறவி: இந்து, சமண, பௌத்த சமயங்கள் கூறும் மறுபிறவியில் உயிர் அல்லது வினைத்தொடர் வேறோர் உடலைப் பற்றுகிறது. வினை தீரும்வரை இது தொடரும். உயிர்ப்புக் கோட்பாட்டின்படி மனிதருக்கு உலக வாழ்வு ஒன்றே. அதே ஆள், அதே அடையாளத்துடன், மாற்றம் பெற்ற உடலோடு எழுப்பப்படுகிறார்.

ஆன்மாவின் அழியாமை: உடல் சிறை, உயிர் விடுபட்டுச் செல்லும் என்பது கிரேக்க மெய்யியலில் பிளேட்டோ முதலியோரின் கருத்து. உயிர்ப்புக் கோட்பாடு உடலையும் மீட்புக்கு உரியதாகக் கருதுகிறது. நோயாளரைப் பேணுதல், பசித்தோருக்கு உணவளித்தல், இறந்தோர் உடலை மதித்தல் ஆகியவற்றிற்குக் கிறித்தவர் தரும் முக்கியத்துவத்திற்கு இது ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

உயிர் மீட்டல்: திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பூம்பாவையை உயிர்பெற்றெழச் செய்ததும், திருநாவுக்கரசர் திங்களூரில் அப்பூதியடிகளின் மகனை எழுப்பியதும், சுந்தரர் அவிநாசியில் முதலை உண்ட சிறுவனை மீட்டதும் சைவ மரபில் புகழ்பெற்றவை. விவிலியத்தில் இயேசு இலாசரை உயிர்பெறச் செய்த நிகழ்ச்சி இவற்றோடு ஒப்பிடத்தக்கது. இவர்கள் அனைவரும் பழைய உலக வாழ்வுக்கே திரும்பியவர்கள்; மீண்டும் இறப்புக்கு உட்பட்டவர்கள். இயேசுவின் உயிர்ப்போ இறப்பு இனி ஆட்கொள்ள இயலாத புதிய வாழ்வு எனக் கிறித்தவ இறையியல் வரையறுக்கிறது.

இசுலாம், இறுதி நாளில் இறந்தோர் எழுப்பப்படுவர் என்பதைத் தன் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. எனினும் இயேசு சிலுவையில் இறந்தார் என்பதை அது பொதுவாக ஏற்பதில்லை.

நம்பிக்கையும் அன்றாட வாழ்வும்

தமிழில் "நம்பிக்கை" என்னும் ஒரே சொல் கடவுள்மீதான விசுவாசத்தையும், வருவதை எதிர்நோக்கும் மனநிலையையும் குறிக்கிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்த, பிந்தையதை "எதிர்நோக்கு" என்று கத்தோலிக்க நூல்கள் அண்மைக்காலத்தில் குறிப்பிடுகின்றன. உயிர்ப்பு இரண்டுக்கும் அடிப்படையாகக் கருதப்படுகிறது. அன்றாட வாழ்வில் அதன் பொருளாக இறையியலாளர் கூறுவனவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. துயரில் ஆறுதல்: தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், இறந்தோருக்காக எதிர்நோக்கு அற்றவர்போல் வருந்தவேண்டாம் எனப் பவுல் கூறுகிறார். துயரமே கூடாது என்பது இதன் பொருள் அன்று. இலாசரின் கல்லறையில் இயேசுவே அழுததாக யோவான் நற்செய்தி கூறுகிறது.

2. ஒழுக்க மாற்றம்: உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரம், திருமுழுக்கைக் கிறித்துவோடு இறந்து அடக்கம் செய்யப்பட்டுப் புது வாழ்வுக்கு எழுவதாக விளக்குகிறது. பகை, பேராசை, பொய் ஆகியவற்றை விடுதல் உயிர்ப்பின் இப்போதைய வடிவம் எனப்படுகிறது.

3. அச்சமின்மை: இறப்பு இறுதிச் சொல் அன்று என்ற எண்ணம், உண்மைக்காகத் துன்பம் ஏற்கத் துணிவு அளிப்பதாகக் கருதப்படுகிறது. முதல் மூன்று நூற்றாண்டுகளின் மறைசாட்சிகள் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவர்.

4. சமத்துவம்: ஒரே உயிர்ப்புக்கு அழைக்கப்பட்டவர்கள் என்பதால், பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டுதல் பொருந்தாது என்பது இதன் சமூக விளைவு.

5. படைப்பைப் பேணுதல்: உரோமையர் 8ஆம் அதிகாரம் படைப்பு முழுவதும் விடுதலைக்காக ஏங்குவதாகக் கூறுகிறது. சூழலியல் இறையியல் இப்பகுதியை அடிப்படையாகக் கொள்கிறது.

இரண்டாம் உலகப்போரில் போர்க் கைதியாக இருந்த செருமானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் (1926-2024), 1964இல் வெளியிட்ட "எதிர்நோக்கின் இறையியல்" என்னும் நூல் இவ்விவாதத்தில் திருப்புமுனையாக அமைந்தது. உயிர்ப்பை நம்புவோர் உலகின் அநீதியோடு சமாதானமாக வாழ இயலாது என்பது அவரது கருத்தின் சாரம். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007இல் எதிர்நோக்கைப் பற்றித் தனிச் சுற்றுமடல் ஒன்றை வெளியிட்டார்.

தமிழக இறையியலாளரின் கருத்துகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் செயற்பட்ட சிந்தனையாளர் சிலர் உயிர்ப்பை இந்திய மெய்யியல் பின்புலத்தில் விளக்க முயன்றனர். வழக்குரைஞரும் பின்னாளில் சென்னை மாநகரத் தந்தையாக இருந்தவருமான வெ. சக்கரை (1880-1958), கிறித்துவை அவதாரம் எனக் குறிப்பிட்டார். பிற அவதாரங்கள் தம் பணி முடிந்ததும் மறைய, கிறித்துவின் அவதாரம் உயிர்ப்பின் வழியாகவும் தூய ஆவியின் வழியாகவும் நிலைத்துத் தொடர்கிறது என்று அவர் வேறுபடுத்திக் காட்டினார். புதுக்கோட்டையில் தலைமை நீதிபதியாகப் பணியாற்றிய பா. செஞ்சையா (1886-1959), உயிர்த்தெழுந்த கிறித்துவைப் புதிய படைப்பின் முதல் மனிதராகக் கண்டார். நிறுவனத் திருச்சபையைவிட இப்புதிய ஆற்றலே முதன்மையானது என்பது அவர் கொள்கை. 1938இல் தாம்பரத்தில் நடைபெற்ற உலக மறைபரப்பு மாநாட்டையொட்டி வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில் இருவரும் பங்கு பெற்றனர்.

1980களில் அரவிந்த் நிர்மல் முதலியோர் வளர்த்த தலித் இறையியல், இழிவுபடுத்தப்பட்டு நகர்ப்புறத்தே கொல்லப்பட்டவரையே கடவுள் எழுப்பினார் என்பதில் அழுத்தம் தந்தது. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியைச் சேர்ந்த தியோபிலஸ் அப்பாவு என்னும் பரட்டை, நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அனைவரும் ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்து உண்ணும் "ஒரு உலை" என்ற கருத்தை அவர் தம் இறையியலின் மையப் படிமமாக வைத்தார்.

திருநாளும் சடங்குகளும்

ஈஸ்டர் நாள் ஆண்டுதோறும் மாறும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்னும் மரபுக் கணக்கின்படி, மேலைத் திருச்சபைகளில் அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25க்குள் அமையும். அதற்கு முன் வரும் நாற்பது நாள் நோன்பைக் கத்தோலிக்கர் தவக்காலம் என்றும், சீர்திருத்தத் திருச்சபையினர் லெந்து நாட்கள் என்றும் கூறுவர். குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி ஆகியன இறுதி வாரத்தில் இடம்பெறும்.

கத்தோலிக்க ஆலயங்களில் சனிக்கிழமை இரவு திருவிழிப்பு நடைபெறும். விளக்குகள் அணைக்கப்பட்ட இருளில் புதுத்தீ மூட்டப்பட்டு, அவ்வாண்டின் எண் பொறித்த பாஸ்கா மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. தவக்காலம் முழுவதும் பாடப்படாத அல்லேலூயா மீண்டும் ஒலிக்கிறது. அதே பாஸ்கா திரி ஆண்டு முழுவதும் திருமுழுக்கின்போதும் அடக்கத் திருப்பலியின்போதும் ஏற்றப்படும். பிறப்பையும் இறப்பையும் உயிர்ப்போடு இணைக்கும் குறியீடு இது. லுத்தரன் மற்றும் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் ஞாயிறு விடியுமுன் அதிகாலை ஆராதனை நடத்தும் வழக்கம் உண்டு. கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் நடித்துக்காட்டும் பாஸ்கா நாடகம் நிகழ்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் ஆவூர், இலங்கையின் மன்னார் மாவட்டம் பேசாலை ஆகியன இதற்குப் பெயர்பெற்றவை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் ஆகும். அன்று குடும்பத்தினர் கல்லறைகளைத் தூய்மை செய்து, மலர் சூட்டி, மெழுகுதிரி ஏற்றுவர். உயிர்ப்பை உணர்த்தும் வகையில் உடலை மண்ணில் அடக்கம் செய்வதே பழைய வழக்கம். கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் எரியூட்டலையும் அனுமதிக்கிறது. ஆயினும் அடக்கத்தையே பரிந்துரைக்கிறது.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செயற்படத் தொடங்கியது. மேற்கே கல்வராயன் மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். அவர்களிடையே கரியராமர் வழிபாடு முதன்மையானது. சமவெளிப் பகுதியில் பழைய கிறித்தவ ஊர்கள் உள்ளன. கத்தோலிக்கர் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அண்டையிலுள்ள கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் (1680-1747) எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயம் உள்ளது. அவர் இயற்றிய தேம்பாவணி, சூசையப்பர் விண்ணகத்தில் முடிசூட்டப்படுவதோடு நிறைவுறுகிறது.

இப்பகுதியின் லுத்தரன் மரபு ஒரு சாதிச் சிக்கலோடு தொடர்புடையது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்கவேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். லைப்சிக் மறைபரப்புச் சபை இதில் மென்மையான நிலைப்பாட்டை மேற்கொண்டது. அதனை ஏற்காத அதன் மறைபணியாளர் கார்ல் ஓக்ஸ் அச்சபையிலிருந்து விலகி, 1860களின் தொடக்கத்தில் நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் பணியைத் தொடங்கினார். பின்னர் டேனிய மறைபரப்புச் சபை இப்பணியை ஏற்றுத் தென்னார்க்காடு முழுவதும் விரிவாக்கியது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை இதிலிருந்து உருவானதாகும்.

கத்தோலிக்கரிடையே இதே சிக்கல் எறையூரில் வெளிப்பட்டது. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலுள்ள இவ்வூரில் வன்னியக் கிறித்தவர்களும் தலித் கிறித்தவர்களும் வாழ்கின்றனர். தலித் கிறித்தவரின் சவ ஊர்வலம் பொதுப்பாதை வழியாகப் பங்கு ஆலயத்திற்குச் செல்ல இயலவில்லை என்பதும், கல்லறையும் சவ வண்டியும் தனித்தனியே இருந்தன என்பதும் அவர்களது முறையீடாகும். தம் தெருவில் எழுப்பிய சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கவேண்டும் என அவர்கள் கோரினர். இக்கோரிக்கையை ஒட்டி 2008 மார்ச் 9 அன்று மோதல் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அந்த நாள் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. இயேசு இலாசரைக் கல்லறையிலிருந்து அழைத்ததே அன்று கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பட வேண்டிய நற்செய்தியாகும். அவ்வாண்டின் ஈஸ்டர் இரண்டு வாரங்களுக்குப் பின், மார்ச் 23 அன்று வந்தது.

கல்லறைப் பிரிவினை எறையூருக்கு மட்டும் உரியதன்று. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி அடிப்படையில் எழுந்த சுவரும் நெடுங்காலமாகக் கண்டிக்கப்பட்டு வந்துள்ளது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 திசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. ஒன்றாய் எழுப்பப்படுவோம் என அறிக்கையிடுவோர் தனித்தனியே புதைக்கப்படுவது அவ்வறிக்கைக்கே முரண் என்பது தலித் இறையியலாளரின் வாதம். உயிர்ப்பு நம்பிக்கை அன்றாட வாழ்வில் எந்த அளவு செயற்படுகிறது என்பதை அளக்கும் இடமாகக் கல்லறைத் தோட்டத்தை அவர்கள் சுட்டுகின்றனர்.

இலங்கை ஈஸ்டர் தாக்குதல்கள்

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பில் இறந்தவர்களுள் குழந்தைகள் பலர் அடங்குவர். உயிர்ப்பைக் கொண்டாடக் கூடியவர்களே கொல்லப்பட்டதால், எதிர்நோக்கு என்பதன் பொருள் குறித்த வினா அங்கு கூர்மையாக எழுந்தது. இறந்தோரை நினைவுகூர்வதோடு, நிகழ்ந்ததற்கு முழு விசாரணையும் பொறுப்புக்கூறலும் வேண்டும் எனக் கத்தோலிக்கத் திருச்சபை தொடர்ந்து கோரி வந்துள்ளது.

விமர்சனங்களும் மாற்றுக் கருத்துகளும்

உயிர்ப்பு வரலாற்று ஆய்வால் நிறுவத்தக்க நிகழ்ச்சி அன்று என்பது பல ஆய்வாளரின் கருத்து. சீடர்களின் காட்சிகளை உளவியல் அனுபவங்களாக விளக்குவோரும் உளர். செருமானிய அறிஞர் ருடால்ஃப் புல்ட்மன் 1941இல், உயிர்ப்பைத் தொன்ம மொழியில் அமைந்ததாகவும், சிலுவையின் பொருளை உணர்த்தும் அறிவிப்பாகவும் விளக்கினார். இதற்கு மாறாக, ஆங்கிலேய அறிஞர் என். டி. ரைட் 2003இல் வெளியிட்ட விரிவான நூலில், வெறுமையான கல்லறை, காட்சிகள் ஆகிய இரண்டும் சேர்ந்தே தொடக்கத் திருச்சபையின் எழுச்சியை விளக்கவல்லவை என வாதிட்டார்.

மறுமை பற்றிய வாக்குறுதி இம்மைத் துன்பங்களைப் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது என்பது கார்ல் மார்க்சு முதலியோரின் விமர்சனம். தமிழகத்தில் பகுத்தறிவு இயக்கத்தினரும் இதனை முன்வைத்துள்ளனர். இறையியலாளர் பலர் இவ்விமர்சனத்தை ஒரு பகுதி உண்மையாக ஏற்று, உடலையும் உலகையும் உள்ளடக்கிய உயிர்ப்புக் கோட்பாடு சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டால் அத்தகைய செயலின்மைக்கு இடமில்லை என விடையளிக்கின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

ஈஸ்டர்
திருமுழுக்கு
கல்லறைத் திருநாள்
தலித் இறையியல்
ஆற்காடு லுத்தரன் திருச்சபை
வீரமாமுனிவர்
கள்ளக்குறிச்சி மாவட்டம்